சுவிட்ச் அக்கா

அவள் என் வீட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது என் பேரைக்கூடக் கேட்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் லைட்டை அணைத்தாள். அப்போதுதான் அந்த ப்ளாக்குக்குக் குடிவந்திருந்தோம். பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "யாருக்கு எரியுது இது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் டிவி பக்கம் குனிந்து, அதில் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்த சின்னப் பொட்டு விளக்கையும் அணைத்தாள். பிறகுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "பக்கத்து வீடு. உப்பு, சீனி ஏதாச்சும் வேணும்னா கதவத் தட்டு. பெல்லு கிடையாது, கழட்டிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். என் வீட்டில் என் லைட்டை அணைக்க இவள் யார்? எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அன்றைக்கு என்னமோ வெங்காயத்தைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் போனபிறகு எழுந்து வேண்டுமென்றே எல்லா லைட்டையும் போட்டேன். அரைமணி நேரத்தில் நானே அணைத்தேன்.

குவீன்ஸ்டவுன் பக்கம் பழைய வாடகை ப்ளாக் அது. ஆளுக்கு ஒரு ரூம், ஓர் அடுப்படி. காரிடார் நெடுக வரிசையாகக் கதவுகள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு ப்ளாக்கில் சுவிட்ச் அக்கா என்று பேர். மூன்று கதவு தள்ளி இருந்த சீன அங்கிள் அவளைத் தூரத்தில் கண்டாலே "லைட் ஆஃப், லைட் ஆஃப்" என்று தன் வீட்டைப் பார்த்துக் கத்துவார். அவள் சிரிக்கமாட்டாள். எட்டிப் பார்த்து, அணைத்தாயிற்று என்று உறுதிசெய்துகொண்டு நகர்வாள்.

லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். ஒரு ஆளுக்காக அவ்வளவு பெரிய பெட்டி மேலே போவதா என்று கீழேயே நிற்பாள். இன்னொருவர் வந்தால்தான் ஏறுவாள். கையில் அரிசி மூட்டையோடு அப்படி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். "போய்த்தொலையேன்கா, உன் அப்பன் வீட்டுக் கரண்டா?" என்று கேட்டால், "யார் வீட்டுக் கரண்டா இருந்தா என்ன? வீணாப் போனா வீண்தானே," என்பாள். காரிடார் லைட் அவளுக்கு ஒரு தீராத மனக்குறை. சாயங்காலம் தானாக எரிந்து காலையில் தானாக அணைகிற லைட் அது. அதற்குச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ப்ளாக்கைப் பராமரிக்கிற டவுன் கவுன்சில் ஆளைப் பிடித்துக் கேட்டவள் அவள்.

நான் வேலை பார்ப்பது லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில். ஒரு தீபாவளிக்கு முன்னால், தன்னோடு இருக்கும் தம்பிக்கு வேட்டி எடுக்க அவள் வந்தாள். சிராங்கூன் ரோடு முழுக்க அலங்கார வளைவு. அப்போதுதான் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். ஊரே அண்ணாந்து படம் பிடித்துக்கொண்டிருந்தது. அவளும் கடைவாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மயில், தாமரை, யானை எல்லாம் வண்ணவண்ணமாக மின்னின. சரி, அக்காவுக்கும் மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். "அழகாத்தான் இருக்கு. இதுக்கு மெயின் சுவிட்ச் எங்கடி வச்சிருப்பாங்க?" என்றாள். முதலாளி விழுந்துவிழுந்து சிரித்தார். அவள் உள்ளே வந்து, ஆளில்லாத துணி மாற்றும் அறையில் லைட் எரிவதைக் கண்டு அதை அணைத்தாள். முதலாளி சிரிப்பை நிறுத்திவிட்டார். வேட்டியைச் சுருட்டிக் கையில் கொடுத்து அவளை வெளியே தள்ளிக்கொண்டுபோவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அவள் ப்ளாக்கை விட்டுப் போய்க் கொஞ்ச காலம் ஆகிறது. இன்றைக்கும் நான் கிளம்பும்போது கை தானாகச் சுவிட்ச் பக்கம் போகிறது.

அவள் வீட்டைச் சொல்லவேண்டும். இருட்டு. பகலில் சன்னல் வெளிச்சம், ராத்திரியில் காரிடார் லைட். ராத்திரி கதவைத் திறந்துவைத்து அந்தப் பொதுவெளிச்சத்தில்தான் அவள் தம்பி பேப்பர் படிப்பான். திட்டிக்கொண்டே அதைப் பயன்படுத்துவாள். மின்விசிறி இருந்தது, துணி போர்த்தியிருந்தது. சோறு ஒரு வேளைதான் வடிப்பாள். அந்த வீட்டில் நிற்காமல் ஓடியது ஒன்றே ஒன்று, தம்பியின் மூச்சு மெஷின்.

தம்பி ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை பார்த்தவன். கப்பல் வயிற்றுக்குள் இறங்கித் துருவை ஊதி உதிர்க்கிற வேலை. வாயில் துணி கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக அந்தத் தூசியைத் தின்றான். கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் நுரையீரல் கைவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷினை ஓர் உதவிச் சங்கம் இரவலாகக் கொடுத்தது. குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம் தவிர அது மூக்கில் இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் நல்ல நக்கல் பேர்வழி. "எங்கக்கா என்னையே அணைச்சிருப்பா தங்கச்சி. சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியாமதான் விட்டு வச்சிருக்கா," என்பான். சிரிக்கும்போது இருமல் வந்துவிடும். அவள் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே "வாய மூடு" என்பாள்.

அவள் வேலை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் தட்டு கழுவுவது. சாயங்காலம் போனால் கடை மூடி, கடைசி பஸ் பிடித்துத்தான் வருவாள். அதுவரைக்கும் தம்பியும் மெஷினும் தனியாக இருக்கும். அவள் பயமெல்லாம் அந்த நேரத்தைப் பற்றித்தான்.

ஏன் பயம் என்றால், அந்த வீட்டில் கார்டு மீட்டர். பில் கட்டமுடியாமல் பாக்கி விழுந்த வீடுகளுக்கு அதைத்தான் வைப்பார்கள். போனுக்கு ஏற்றுகிற மாதிரி கார்டில் காசு ஏற்றிச் செருகவேண்டும். காசு தீர்ந்தால் கரண்ட் நின்றுவிடும். ஒருமுறை அவள் வேலையில் இருந்தபோது தீர்ந்துவிட்டது. அவள் திரும்பி வந்தபோது தம்பி சுவரில் சாய்ந்து உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தானாம். அக்கம்பக்கத்தைக் கூப்பிடக்கூட அவனுக்குச் சத்தம் வரவில்லை. நான் அந்த ப்ளாக்குக்கு வருவதற்கு முந்திய கதை இது. அவன்தான் சொன்னான். அவள் அதைப் பற்றி வாயைத் திறந்ததே கிடையாது. எங்கள் வீட்டு டிவியின் சிவப்புப் பொட்டை அணைத்தாளே, அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அப்புறம் லைட் விஷயத்தில் நான் அவளைத் திட்டவில்லை.

"உதவி ஆபீசுல போய்ச் சொல்லேன்கா. மெஷின் ஓடற வீடுன்னு சொன்னா ஏதாவது வழி பண்ணுவாங்க," என்று எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டேன்.

"மெஷின சும்மா குடுத்திருக்காங்க. அது ஓடறதுக்குக் கரண்டும் குடுன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடி கேக்கறது?" என்பாள். ரோஷக்காரி. கேட்டு வாங்கத் தெரியாது. சும்மா வருவதைத் தொடவும் கை கூசும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தத் திட்டம் வந்தது.

மொட்டைமாடியில் சூரியப் பலகைகளை அடுக்கினார்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கும் சூரிய மின்சாரம் போய்ச்சேரவேண்டும் என்று கவர்மெண்ட் காசு போடுகிறதாம். எங்கள் ப்ளாக்கை வைத்து முதலில் செய்துபார்க்கப்போகிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ளாக்குக்குக் கீழே தூண்கள் மட்டும் நிற்கிற வாய்ட் டெக்கில் எங்களை எல்லாம் கூட்டினார்கள். ஆளுக்கு ஒரு பன், ஒரு பாக்கெட் மைலோ. தமிழ்க்காரர்களுக்கு விளக்க ஒரு பெண் வந்திருந்தாள். படிப்பு முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்திருப்பாள் போல. கழுத்தில் அட்டை, முகம் நிறையச் சிரிப்பு.

"ஆன்ட்டி, அங்கிள், உங்க மீட்டர் பக்கத்துல ஒரு சின்ன பாக்ஸ் வைப்போம். வெயில் வந்ததும் அதுல மஞ்சள் லைட் எரியும். அது எரியற வரைக்கும் உங்க வீட்டுப் பங்குக்குள்ள நீங்க யூஸ் பண்ற கரண்டுக்கு கார்டுல காசு கழியாது. ஃப்ரீ. வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர் எல்லாம் பகல்லயே போட்டுக்குங்க லா."

நான் சும்மா இருப்பேனா? "பகலெல்லாம் நான் கடையில இருக்கேன். சாயங்காலம் வந்து ஃபேனப் போடறப்ப உங்க மஞ்சள் லைட்டு அணைஞ்சு போயிருக்கும். வேலைக்குப் போறவங்க சூரியனுக்கு எங்கம்மா போறது?" என்று கேட்டேன்.

"சண்டே இருக்கே ஆன்ட்டி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அக்கா கையைத் தூக்கினாள். "மழை நாள்ல?"

"அன்னிக்கு நார்மல் கரண்ட் வரும் ஆன்ட்டி. கார்டுல கழியும்."

"சரி," என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டமாதிரி தலையாட்டினாள். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக் காப்பிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொடுத்தாள். அவள் காசில் நான் குடித்தது அந்த ஒரு தடவைதான். "இனிமே நான் வேலைக்குப் போனா ராத்திரி அவன் பொழச்சிக்குவான்டி," என்றாள். ராத்திரிக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பெட்டி வந்து கொஞ்ச நாள் இருக்கும். எனக்கு லீவு நாள். காரிடாரில் துணி காயப்போட வந்தால் தம்பி வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். மூக்கில் குழாய் இல்லை. கீழே பிள்ளைகள் பந்து விளையாடுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மெஷின் வாயை மூடிக்கிடந்தது.

"என்னக்கா இது, மெஷின நிப்பாட்டி வச்சிருக்க? மஞ்சள் லைட்டு எரியுதே. இப்பத்தானே சும்மா வருது."

"சும்மா வர்றதுனாலதான் நிப்பாட்டியிருக்கேன்," என்றாள். ஏதோ பாடம் சொல்லித்தருகிறவள் மாதிரி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "கார்டுல காசு போடறோம். இன்னிக்குத் தொடலன்னா நாளைக்கு அப்படியே இருக்கில்ல? இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் பங்குன்னு சொல்லிட்டாங்க. நம்ம பங்க நாம தொடாம விட்டா மேல சேரும். மாடியில தண்ணித் தொட்டி இல்ல? அதுமாதிரி. பகல்ல சேத்து வச்சா ராத்திரிக்கு ஆகும். நான் இல்லாத நேரத்துல கார்டு தீந்துபோச்சுன்னாலும் மேல இருந்து வரும்."

"அந்தப் பொண்ணு பகல்லயே போட்டுக்கச் சொல்லிச்சே."

"அது கைல ஒண்ணும் தங்காதவங்களுக்குச் சொன்னது."

"டாக்டர் என்ன சொன்னாரு? நாள் முழுக்கப் போட்டிருக்கணும்னு சொன்னாரா இல்லியா?"

"டாக்டர் வீட்டுல கார்டு மீட்டரா?" என்றாள்.

கரண்ட் மேலே சேருமா சேராதா என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? எனக்குச் சேலைதான் தெரியும். மூச்சு விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. காரிடார் அதிரக் கத்தினேன். தம்பிதான் கையைக் காட்டி அடக்கினான். "விடு தங்கச்சி. அந்தக் குழாயோட இருந்தா வாசப்படியத் தாண்ட முடியாது. நாள் பூரா சுவரப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும். இங்க வந்தா ஆளப் பாக்கறேன், ரயிலப் பாக்கறேன். அக்கா சேத்து வைக்கட்டும், நான் செலவு பண்றேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினான். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

அவள் சொன்னதற்கு அத்தாட்சியும் கிடைத்துவிட்டது. முன்பெல்லாம் பகலும் ராத்திரியும் மெஷின் ஓடிக் கார்டு சீக்கிரம் தீரும். இப்போது பகலில் ஓடவே இல்லை, கார்டு இழுத்துக்கொண்டு நின்றது. அது போதாதா? மீட்டரைத் திறந்து எனக்குக் காட்டினாள். "பாத்தியா, எப்படி நிக்குது. மேல நல்லா சேந்திருக்கு." வெயில் அடிக்கிற நாளெல்லாம் அவளுக்குக் கொண்டாட்டம். மேகம் போட்டால் முகம் தொங்கிவிடும். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவாள். வெயில் மண்டையைப் பிளக்கும், தம்பி நாற்காலியில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அவள் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவன் கால் வீங்க ஆரம்பித்தது. பேச்சு குறைந்தது. பிறகு நாற்காலி காரிடாரிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து கட்டில் ஓரத்துக்கு. ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்து அனுப்பினார்கள். "மெஷின் ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார்களாம். "ராத்திரி பூரா ஓடுதுங்க," என்றாளாம். அது உண்மைதான். அவள் பொய் சொல்லிப் பழகாதவள்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் மேலே ஏறி வந்தாள், வாயெல்லாம் பல்லாக. "ஆன்ட்டி, கன்கிராஜுலேஷன்ஸ். இந்த ப்ளாக்லயே உங்க வீடுதான் கம்மியா யூஸ் பண்ணியிருக்கு. சனிக்கிழமை கீழ ஃபங்ஷன். உங்களுக்குப் ப்ரைஸ் இருக்கு." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊரே சிரித்த விஷயத்துக்கு முதன்முதலாக ஒருத்தி மாடியேறி வந்து கைகொடுக்கிறாள். கட்டிலில் இருந்து தம்பி, "போய் வாங்கிட்டு வாக்கா," என்றான்.

சனிக்கிழமை நானும் கடையில் நேரம் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். அக்கா எங்கள் கடையில் எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பலூன், நாற்காலி வரிசை, மைக். யாரோ பெரிய மனிதர் வந்திருந்தார். அவர் கையால் ஒரு மின்விசிறியைப் பெட்டியோடு கொடுத்தார்கள். மின்விசிறியைப் போய் இவளுக்கு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்தப் பெண் மைக்கை அக்கா வாயருகே நீட்டினாள். "எப்படி ஆன்ட்டி இவ்வளவு சேவ் பண்ணீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க."

அக்கா மைக்கில் பேசியது அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. நிமிர்ந்து நின்று சொன்னாள். "பகல்ல ஒண்ணும் போடறதில்ல. தம்பிக்கு ஒரு மெஷின் ஓடுது. அதையும் பகல்ல நிப்பாட்டிருவேன். ராத்திரி நான் வேலைக்குப் போயிருவேன், அப்ப ஆகும்னு மேல சேத்து வச்சிருக்கேன்."

தமிழ் புரியாதவர்கள் முதலில் கைதட்டினார்கள். பெரிய மனிதரும் சிரித்துக்கொண்டே தட்டினார். அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொல்லவேண்டும், எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மைக்கைக் கீழே இறக்கினாள். முன்வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"என்ன மெஷின் ஆன்ட்டி?"

"மூச்சு மெஷின்தான்மா."

அந்தப் பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. "ஆன்ட்டி, அது சேராது. அந்தந்த நேரத்துல யூஸ் பண்ணலன்னா போயிடும்."

"போயிடும்னா? எங்க போயிடும்?"

"லிஃப்டுக்குப் போகும். தண்ணி ஏத்தற மோட்டாருக்குப் போகும். மிச்சம் வெளிய லைனுக்குப் போயிடும்."

"அப்ப ராத்திரி ஓடுனது?"

"அது கார்டுல இருந்துதான் ஆன்ட்டி கழிஞ்சிருக்கும்."

அக்கா கையில் மின்விசிறிப் பெட்டியோடு நின்றாள். யாரிடமோ கடன் கேட்கிற குரலில், "போனத இனிமே திருப்பித் தரமாட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

அக்கா அழவில்லை. பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தாள். லிஃப்ட் திறந்திருந்தது. யாருக்காகவும் நிற்கவில்லை, தனியாக ஏறிப் பட்டனை அழுத்தினாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கதவு மூடி அது மேலே போய்விட்டது.

எனக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்காவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கு யாரைத் திட்டுவது? அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள், பகலிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று. கவர்மெண்ட் காசு போட்டுக் கூரையில் வெயிலைப் பிடித்துத் தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கார்டு மீட்டரோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் செய்தவளுக்குச் செலவழிக்காதது மிச்சமாகத்தான் தோன்றும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாசலில் நின்று, உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று பெட்டி மாட்ட வந்தவன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இதற்கு யார் சட்டையைப் பிடிப்பது? இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அன்றிலிருந்து மெஷின் நிற்கவில்லை. பகலிலும் ராத்திரியிலும் ஓடியது. அவள் வேலையை விட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்தாள். "இப்பத்தான் எனக்கு விடிஞ்சிருக்கு தங்கச்சி," என்றான் தம்பி. நக்கல் போகவில்லை. அவள் அதைக் கேட்டும் வாயை மூடு என்று சொல்லவில்லை. அடுத்த மாசம் அவன் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

டாக்டர் நல்ல மனுஷன். வாசலுக்கு வந்து எங்களோடு நின்று பேசினார். நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு அவளுக்குச் சொன்னேன். நுரையீரல் எப்போதோ போய்விட்டது, எப்படியும் இங்கேதான் வந்து நின்றிருக்கும், கொஞ்சம் முன்னேபின்னே ஆகியிருக்கும், அவ்வளவுதான் என்றார். அவள் என் கையைப் பிடித்தாள். "அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு கேளு," என்றாள். கேட்டேன். அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் வருகிறது, நீ கூட இரு என்று என்னைக் கூப்பிட்டாள். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். காரிடாரில் வரும்போதே சத்தம் கேட்டது. வாசலில் நின்று ஒரு நிமிஷம் இது அவள் வீடுதானா என்று பார்த்தேன். நல்ல உச்சிவெயிலில் வீட்டு லைட் எல்லாம் எரிந்தன. அடுப்படி லைட், குளியலறை லைட். அவள் கீழேயே விட்டுவந்து, நான் தூக்கிவந்து கொடுத்த பரிசு மின்விசிறி ஒரு மூலையில் முழு வேகத்தில் சுற்றியது. துணி போர்த்திய பழைய விசிறியும் துணியை உதறிவிட்டுச் சுற்றியது. நடுவில் அந்த மெஷின், உஸ் உஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய் தலையணைமேல் கிடந்தது.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழாயின் நுனியை உள்ளங்கையில் வைத்து, அதிலிருந்து வருகிற காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. யாருக்கு ஓடுது இது? அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட கேள்வி. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, மெஷின் சுவிட்ச் பக்கம் தானாகப் போய்விட்டது.

"இருக்கட்டும்டி," என்றாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "பகல்தானே."

நான் கையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷினை எடுக்க வந்தவர் கதவைத் தட்டும்வரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது.